மூன்றாம் மருதையனின் மனைவி

வரைபடத்தில் இடம் கிடைக்காத நாடுகளில் நிரல்நாடும் ஒன்று. அதை வென்ற மன்னர் மருதையன் குடிகளிடம் பெயர் கேட்கவில்லை. முந்தைய ஆட்சி விட்டுப்போன ஏடு ஒன்று கிடந்தது. அதிலிருந்தே நாட்டின் பெயர்ப் பட்டியலை எழுதிவிடலாம் என்றார் பெயரமைச்சர். ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் நீளம் என்று வெட்டப்பட்டன. ஒரே பெயர் பலருக்கு வந்தால் வரிசை எண் சேர்ந்தது. மன்னர் மருதையன் 1. ஒருவர் இறந்தால் பின்னால் இருப்பவர்கள் ஓர் எண் முன்னேற வேண்டும். தினமும் காலையில் பட்டியலும் ஆணை ஓலைகளும் ஏட்டில் உள்ளபடியே புதிதாக எழுதப்படும். இடையில் கையால் செய்த திருத்தம் எதுவும் நிற்காது.

உப்பு வண்டிக்காரன் மருதையன் 3. சந்தையில் யாரோ எண் சொல்லாமல் "மருதையா" என்று கூப்பிட, திரும்பிப் பார்த்துவிட்டான். மன்னர் பெயருக்குத் திரும்பிய குற்றத்துக்கு நான்கு மாதச் சிறை. பக்கத்து அறையில் மருதையன் 2, மூன்று கொலை செய்தவன். ஓலை வந்தது: வெள்ளிக்கிழமை 2-க்குத் தூக்கு, 3-க்கு விடுதலை.

திங்களன்று மன்னர் படுக்கையில் விழுந்தார்.

உப்புக்காரன் மனைவி காத்தாயி பெயரமைச்சரிடம் ஓடினாள்.

"ஐயா, ராசா போயிட்டா எம் புருசன் ரெண்டாயிருவாருங்களே. தூக்கு அவருக்குல்ல வரும். ஓலையில ஆள் யாருன்னு எழுதுங்க."

"எழுதியிருக்கிறதே அம்மா. மருதையன் 3."

"உப்பு வண்டின்னு ஒரு வார்த்தை சேருங்கய்யா."

"சேர்க்கிறேன். காலையில் இருக்காது."

மன்னரை ஏசியதற்காக இருமுறை கசையடி பட்டவள் காத்தாயி. இப்போது அரண்மனை வாசலில் அவருக்காகக் கஞ்சியோடு நின்றாள்.

"என்னடி, கட்சி மாறிட்டியா?" என்றாள் மோர்க்காரி.

"அந்தப் பாவி வெள்ளி வரைக்கும் மூச்சு விட்டா போதும். அப்புறம் எக்கேடோ கெடட்டும்."

அவளுடைய கஞ்சிச் சட்டி, மக்கள் அன்பின் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

புதன் மதியம் அவளை உள்ளே அழைத்தார்கள். மன்னர் விறைத்துக் கிடந்தார். வாயோரம் ஈ.

"பட்டியல் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்தால் நாளைக் காலை அந்தக் கொலைகாரன் 1 ஆகிவிடுவான். சிம்மாசனம் அவனுக்கு," என்றார் அமைச்சர். "உயிரோடு இருக்கிறார் என்று நாங்கள் சொன்னால் ஊர் நம்பாது. நீ சொன்னால் நம்பும்."

"வெள்ளிக்கிழமை வரைக்குந்தானே?"

"அதற்கு மேலும் தேவைப்படலாம்."

காத்தாயி கஞ்சியைச் சன்னல் வழியே கொட்டினாள். வாசலுக்கு வந்து, காத்திருந்த கூட்டத்துக்குக் காலிச் சட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"குடிச்சாரு," என்றாள். "இன்னும் கொஞ்சம் கேட்டாரு."