வாசற்படி தாண்டியவர்கள் கணக்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் ஒரு தடவையும் படுக்கப் போகும் முன் ஒரு தடவையும் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வேளையும் விட்டதில்லை. விட்டிருந்தால் எழுதி வைத்திருப்பேன். நாங்களும் இங்கே நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. பொய் எழுதக் கூடாது என்பதால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு. அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் சைக்கிள் கடை இருக்கிற தெருவுக்கு நீல அட்டை போட்ட நோட்டுடன் யாராவது வந்து, "உங்க தெரு முன்னேறணும், எல்லாக் கடையும் ஒண்ணா முன்னேறணும்" என்று ஆரம்பித்தால், ஷட்டரை இழுத்து விட்டுவிடு. வருவது ஆணோ பெண்ணோ, தெரிந்தவரோ தெரியாதவரோ, கூடப் பிறந்தவராகவே இருந்தாலும் சரி, முகம் பார்க்காதே. ஏன் என்பதை இனிமேல் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் பதினெட்டுக் கடை இருந்தது உனக்குத் தெரியும். பெரிய சாலையில் அந்த ஏழு மாடிக் கடை வந்த பிறகு ஆறு மூடிவிட்டன. மிச்சம் பன்னிரண்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தெருக்கடைகளைத் தூக்கி நிறுத்தும் திட்டம் என்று ஒரு அதிகாரி வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சமபங்கு சார். வாயைத் திறந்தால் சமபங்கு என்றுதான் வரும். கொட்டாவி விட்டாலும் அதுதான் வருமோ என்று சலூன்காரர் சொல்லுவார். உன் மாமாவின் ஹார்டுவேர் கடையில்தான் கூட்டம் போட்டோம். "எல்லாருக்கும் ஒரே அளவு குடுக்கிறது நியாயம் இல்லீங்க. யாருக்கு எது பத்தலையோ அவங்களுக்கு அது. அதான் சமபங்கு" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. பசித்தவனுக்கு முதல் பந்தி என்பது கடவுளே போட்ட கணக்கு அல்லவா? நான்தான் முதலில் கை தட்டினேன். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எந்தக் கடைக்கு எவ்வளவு உதவி என்று முடிவு செய்ய, அறுபது நாளைக்கு ஒவ்வொரு கடைக்கும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டுமாம். அலுவலகத்தில் ஆள் இல்லையாம். யார் எண்ணுவது என்று எல்லோரும் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார்கள். உன் மாமா, இருக்கிற வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "என் வீட்டுக்காரி எண்ணுவா சார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை எண்ணிக்கிட்டுத்தான் இருக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது தம்பி. நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம். மிச்சம் எல்லாம் கடைக்கு ஆணி மடிக்க வந்த பழைய தாள்களைப் படித்துப் படித்து நானே கற்றுக்கொண்டது. வீட்டில் ஒரு தீப்பெட்டி எத்தனை நாள் வருகிறது என்பது வரைக்கும் என் நோட்டில் இருக்கும். அப்படிப்பட்டவளை ஒரு அதிகாரி நாற்காலி போட்டு உட்கார வைத்து, நீல அட்டை நோட்டைக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்?

விதி ஒன்றே ஒன்றுதான். கடையின் வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் ஒன்று. வெளியே போய்த் திரும்ப வந்தால் இன்னொன்று. வாங்கினார்களா, சும்மா வந்தார்களா என்று கேட்கக் கூடாது. அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தி, "அம்மா, கம்மியா ஆள் வர்ற கடைக்குத்தான் உதவி அதிகம். இது உங்களோட இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு கடவுள் மேல சத்தியம் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். அந்த நிமிஷம் என் நாக்கில் பல்லி விழுந்திருக்கக் கூடாதா?

எதிர்ச் சாரியில் மரத்தடியில் நாற்காலி. பக்கத்திலேயே சாவிக்காரர் தன் மரப்பெட்டியை வைத்துக்கொண்டு சாவி ராவிக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். முதல் நாளே சமபங்கு சாரிடம், "இவருக்கு வாசற்படியே இல்லையே, எப்படி எழுதறது?" என்று கேட்டேன். "வாசற்படி இல்லைன்னா அது கடை இல்லைம்மா" என்றார். சாவிக்காரர் காதில் விழுந்தது. "பரவால்லக்கா, நான் மரம்னு எழுதிக்குங்க" என்று சொல்லிச் சிரித்தார். நான் ஒன்றும் எழுதவில்லை.

பத்து நாள் ஒழுங்காகப் போயிற்று. பதினோராம் நாள் அந்த அலுவலகத்துப் பியூன் சலூனில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது ரகசியத்தைக் கொட்டிவிட்டான். கத்தி கழுத்தில் இருக்கும்போது மனிதன் எதைத்தான் சொல்ல மாட்டான்! மறுநாள் காலையில் நான் நாற்காலியில் உட்கார்ந்தால், சலூன்காரர் தன் நாற்காலியைத் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டு, நடுத்தெருவில் முடி வெட்டிக்கொண்டிருக்கிறார். நோட்டுப் புத்தகக் கடைக்காரர் வாசலுக்குக் குறுக்கே மேசையைப் போட்டு, "அங்கேயே நில்லுங்க, எடுத்துத் தர்றேன்" என்கிறார். தையல்காரம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை. அவள் கடையில் அவளும் மெஷினும் இருந்தால் மூன்றாவதாக ஒரு ஊசி நுழையாது. படியிலேயே நிறுத்தித்தான் எப்போதும் அளவெடுப்பாள். மருந்துக் கடையில் ஒரு கிழவர் மயக்கமாக வருகிறது, உள்ளே உட்காரட்டுமா என்று கேட்டதற்கு, "ஐயா, தப்பா நினைக்காதீங்க, இன்னும் ஒண்ணரை மாசம் கழிச்சு வாங்க" என்றார்கள். பதினோரு கடைக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. உன் மாமாவுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை தம்பி. எண்ணுகிறவளே பெண்டாட்டி, அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நான் சொல்லவில்லை. சத்தியம் பண்ணியிருக்கிறேனே.

உன் மாமா கடை எப்படி என்று உனக்குத் தெரியும். ஒரே ஒரு வாஷர் கேட்டு வருவான். அது அளவு சரியில்லை என்று மறுபடி வருவான். பழசே போதும் என்று திருப்பிக் கொடுக்க மூன்றாவது தடவை வருவான். எனக்கு மூன்று. வழி கேட்க ஒருத்தர், தண்ணீர் குடிக்க ஒருத்தர். மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் பேப்பர் படிக்க மூன்று ஓய்வுபெற்ற ஆசாமிகள். இருமல் வரும்போதெல்லாம் வெளியே போய்த் துப்பிவிட்டு வருவார்கள், ஒவ்வொரு இருமலும் ஒன்று. மற்ற கடைகளில் விரட்டப்பட்டவர்கள் எல்லாம் இங்கேதான் ஒதுங்கினார்கள், அந்த மயக்கக் கிழவர் உட்பட. உன் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, தெருவே ஈயாடுது, நம்ம கடையில மட்டும் கூட்டம்! உன் நோட்டுல நம்ம பேரு மேல நிக்கணும்" என்று சொல்லி, போகிறவர் வருகிறவரை எல்லாம் "உள்ள வாங்க, உள்ள வந்து பேசுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். இன்னொரு பெஞ்சு வேறு வாங்கிப் போட்டார். எதிரே உட்கார்ந்து அத்தனையையும் எழுதினேன். மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன என்னையும் எழுதினேன். ஒரு நாள் நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏண்டி, உன்னையும் எதுக்கு எழுதியிருக்கே?"

"வாசற்படி தாண்டினேனே."

"சோறு கொண்டு வந்தது வியாபாரமா?"

"விதியில அதெல்லாம் கேக்கலை."

"உன்னைக் கட்டினதுக்கு எனக்குச் சொர்க்கம் நிச்சயம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சந்தோஷத்தில்தான் சொன்னார். கிளம்புகிற வேளையில் ஒவ்வொரு நாளும் நாக்கு நுனி வரைக்கும் வரும், சொல்லிவிடலாமா என்று. வீட்டுக்கு வந்து பிரார்த்தனையில் உட்கார்ந்தால் அடங்கிவிடும். அறுபது நாளும் இப்படியே போயிற்று. கடைசியில் கூட்டிப் பார்த்தால், சராசரியாக ஒரு நாளைக்கு உன் மாமா கடைக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர். அடுத்தபடியாக இருந்த கடைக்கு ஒன்பது.

முடிவை அறிவித்த அன்று சமபங்கு சார் உன் மாமாவை மேடைக்குக் கூப்பிட்டு, "இந்தத் தெருவின் தூண்" என்று எழுதி, கீழே என் ஆள் கணக்கையும் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுத் தாளைக் கொடுத்தார். தூணுக்கு உதவி தேவையில்லையாம். தூண்தான் மற்றவர்களைத் தாங்க வேண்டுமாம். தையல்காரம்மாவுக்குப் புது மெஷின், சலூனுக்குப் புதுக் கண்ணாடி, மற்ற எல்லோருக்கும் ஆறு மாத வாடகை. உன் மாமா மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது அழுகையா ஆனந்தமா என்று எனக்குப் புரிந்தது. அவருக்குத்தான் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

பிறகு தெருவை அழகாக்குகிறோம் என்று தோண்டினார்கள். நாலு மாதம் பள்ளம். கடைக்கு வர ஒரு பலகை. அதில் நடக்கக் கழைக்கூத்தாடியாக இருக்க வேண்டும். வாஷர் கேட்டு எவன் வருவான்? மற்ற கடைகள் கொடுத்த வாடகையை வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தன. எங்களுக்குப் பல்லும் இல்லை. பள்ளத்தை மூடி, கல் பதித்து, விளக்கு போட்டு, மரத்தடியில் அழகாக ஒரு இரும்பு பெஞ்சு வைத்தார்கள். சாவிக்காரர் பெட்டி இருந்த இடம் அது. அவர் பெயர்தான் எந்தத் தாளிலும் இல்லையே, எடு என்றார்கள், எடுத்தார். ஆனாலும் காலையில் வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு. நான் அந்தப் பக்கமே நடப்பதில்லை.

தெரு பளபளவென்று ஆனதும், எங்கள் கடைகளுக்கெல்லாம் சொந்தக்காரரான கட்டடக்காரர் வந்தார். கடைக்குள் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய பாராட்டுத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஒரு நாளைக்கு நூத்திப் பன்னண்டு பேரா! சொல்லவே இல்லையேப்பா" என்று சொல்லி வாடகையை இரண்டு மடங்காக்கினார். அத்தனை பேருக்கும்தான் ஏற்றினார். தையல்காரம்மாவும் போன மாதம் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என்னிடம், "அக்கா, உங்க கணக்குல ஒரு தப்பும் இல்லக்கா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

நாங்கள் மூன்று மாத வாடகை பாக்கி. நேற்று முன்தினம் கட்டடக்காரர் பூட்டை மாற்றினார். மாற்ற அவர் கூட்டி வந்தது யாரை என்று நினைக்கிறாய்? சாவிக்காரரைத்தான். எட்டு மாதத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை. உன் மாமாவைப் பார்த்து, "அண்ணே, வீட்ல அடுப்பு எரியலண்ணே" என்றார். உன் மாமா பூட்டைப் பிடித்துக் கொடுத்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பூட்டை அவருக்குத்தானே பழக்கம், எந்தத் திருகு இறுகியிருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். நான் எதிரே நின்று பார்த்தேன். வாசற்படி தாண்டி உள்ளே போனவர்கள் மூன்று பேர். பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.

இப்போது ஆணிப் பெட்டிகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில். உன் மாமா அதிகம் பேசுவதில்லை. நேற்று சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அறுபது நாள்ல ஒரு நாளாவது கண்ணை மூடிக்கக் கூடாதாடி?" நான் கண்ணை மூடுவது பிரார்த்தனைக்கு மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். ரகசியம் எனக்கு முதல் நாளே தெரியும் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

அதனால்தான் தம்பி சொல்கிறேன். உன் கடைக்குக் காற்றடிக்கவே ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வருவார்கள். அவர்களும் கணக்கில் சேருவார்கள். நோட்டுக்காரர்களை உள்ளே விடாதே. உன் கடைப் பின்னறையில் எட்டு ஆணிப் பெட்டி வைக்க இடம் இருந்தால் எழுது. கட்டில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

உன் பிள்ளைகள் தலையில் என் இரண்டு கையையும் வைத்ததாக நினைத்துக்கொள். வாழ்வில் எந்தக் கதவும் உங்களுக்கு முன்னால் பூட்டிக் கிடக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் வேண்டும்
அக்கா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு ஒட்டுவதற்குள் சமபங்கு சார் வீட்டுக்கே வந்துவிட்டார். இத்தனை வருடத்தில் கட்டின புருஷனுக்கும் சலுகை காட்டாமல் எண்ணியது நான் ஒருத்திதானாம். இனி மாதச் சம்பளமாம். வீட்டில் வேறு வருமானம் இல்லை என்பது உனக்கே தெரியும், ஒத்துக்கொண்டேன். திங்கட்கிழமை ஆரம்பம், உங்கள் தெருவில்தான். மறுபடியும் சத்தியம் வாங்கிக்கொண்டார், நானும் பண்ணிவிட்டேன். ஆகவே ஷட்டரை இழுத்துவிடாதே. காற்றடிக்கிற பம்பை ஞாயிற்றுக்கிழமையே தூக்கி வாசற்படிக்கு வெளியே வைத்துவிடு, பெஞ்சையும் எடுத்துவிடு. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. உனக்கு இதை நான் சொன்னேன் என்று மட்டும் உன் மாமாவுக்கு எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது.