வியாழக்கிழமை திறக்கவேண்டிய போத்தல்

போர்க்காலத்துக் கண்டியில் ஆமிக்காரருக்கே தவணை சொல்லி அனுப்பிய ஒரே பெண் எங்கள் அச்சாறு அக்காதான். தாய் தகப்பன் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

பேராதனையில் ஒரு கந்தோரில் நாங்கள் இருவரும் தட்டெழுத்தாளர்கள். கண்டியில் ஒரே வாடகை அறை. அக்கா யாழ்ப்பாணம், நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை.

சாமான் விலை ஏறும்போதெல்லாம் அக்கா ஒரு கறியை நிறுத்துவார். கடைசியில் பருப்பும் நின்றது. மிச்சம் பிடித்ததெல்லாம் ஊரில் படித்துக்கொண்டிருந்த தம்பிக்குப் போனது.

கறிகளின் இடத்துக்கு அச்சாறு வந்தது. சந்தை கலையும் நேரம் பார்த்துப் போய், கோணல் கரட், முற்றிய போஞ்சி, அடிபட்ட பப்பாசிக்காய் எல்லாவற்றையும் மலிவாக அள்ளி வருவார். நறுக்கி, காயவைத்து, கடுகு அரைத்து, வினாகிரி ஊற்றி மூடினால் ஏழு நாள் திறக்கக்கூடாது. அலுமாரி முழுக்கப் போத்தல்கள். என் சேலை மணத்துக்கே பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பசி எடுக்கும்.

ஒருநாள் நான் மூன்றாம் நாளே ஒரு போத்தலைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டேன். அன்றிலிருந்து ஊறுகிற போத்தல் அக்காவோடேயே கந்தோருக்கு வந்து போகும்.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை சோதனைச் சாவடியில் மாட்டினோம். எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஓர் இளம் ஆமிக்காரர் அக்காவின் பைக்குள்ளிருந்து பேப்பர் சுற்றிய போத்தலை எடுத்தார்.

“திற,” என்றார் சிங்களத்தில்.

“பே மல்லி,” என்றார் அக்கா. முடியாது தம்பி! “வியாழக்கிழமை வாரும், திறக்கிறன்.”

எங்கள் அடையாள அட்டைகள் அவர் கையில். நான் அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“அக்கா, கும்புடுறேன், தெறந்து காட்டிடுங்க!”

“சும்மா இரும் பிள்ளை. நாலு நாள்தான் ஆச்சு. காத்துப் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.”

ஆமிக்காரர் போத்தலை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே கரட் துண்டுகள் மினுங்கின. சட்டென்று சிரித்துவிட்டார்.

“எங்க அம்மாவும் இப்படித்தான், கிட்டப் போகவிட மாட்டா,” என்று போத்தலையும் அட்டைகளையும் திருப்பிக் கொடுத்தார்.

அத்தோடு முடிந்ததா? வியாழக்கிழமை அக்கா அதே இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, அவர் முன்னால் மூடியைத் திருகினார். அவர் விரலால் எடுத்துத் தின்றார். கடுகுக் காரத்தில் கண் கலங்கியது.

“அம்மாவுடையதைவிட நல்லா இருக்கு. அவவுக்குச் சொல்லிவிடாதீங்க!”

அன்று முழுக்க அக்கா பதவி உயர்வு கிடைத்தவர் மாதிரி தலை நிமிர்ந்து தட்டச்சு செய்தார்.

இரண்டு வருடம் கழித்து அக்காவின் தம்பி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் படிக்க வந்தான். முதல் நாள் எங்கள் அறையில் சாப்பாடு. தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“அக்கா, கறி ஒண்டும் இல்லையோ?”

“உன்ர கறியெல்லாம் முந்தியே அனுப்பிப்போட்டனடா.”

அவன் விளங்கிக்கொண்டான். தலையைக் குனிந்தபடி மூன்றுதரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். அக்கா தான் சாப்பிட மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடப் பிறக்காத எனக்கே அவ்வளவு பெருமையாக இருந்தது.