அண்ணை எழுதிவிட்டுப் போன அவசரம்

லாச்சப்பல், பாரிஸ்

என் அன்புக்குரிய அலெக்சிஸ் அண்ணைக்கு,

ஆண்டவருடைய கிருபையால் இங்கே நாங்கள் சுகம். ரொறன்ரோவில் அண்ணியும் பிள்ளைகளும் நல்ல சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உங்களுக்கு மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கிற மாதிரி ஏதாவது வந்தால் எனக்குக் கவலை இல்லை. போனில் ஏசினால் சிக்னல் இல்லை என்று வெட்டிவிடுவீர்கள், அதுதான் எழுதுகிறேன்.

கொறோனாக் காலத்தில் எங்கள் ஊர்ச்சங்கத்துக்கு நீங்கள் தலைவராக இருந்தபோது, ஆட்கள் ஒன்றுகூட ஏலாது என்று சங்கத்தின் யாப்பு விதிகளில் ஒரு வசனம் எழுதினீர்களே, "அவசர நிலையில் தலைவர் தனித்து முடிவெடுக்கலாம்" என்று. அவசரம் எப்போது முடியும் என்று எழுதாமல் பிளேன் ஏறிவிட்டீர்கள். வியாதி போய்விட்டது, மாஸ்க் போய்விட்டது, நீங்களும் போய்விட்டீர்கள். அவசரம் மட்டும் இப்போதைய தலைவர் அரியரத்தினத்தாரின் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது.

இங்கே பாராளுமன்றத்தில் பென்சன்காரருக்கு வரியைக் கூட்டுவதா என்று சண்டை. வாக்கெடுக்காமலே அரசாங்கம் சட்டம் நிறைவேற்றலாமா என்று இன்னொரு சண்டை. கோட்டுப் போட்ட பெரிய மனுசர் மேசையில் அடிக்கிறார்கள். அந்தப் பிரெஞ்சில் பாதி எனக்கு விளங்காது, ஆனால் யாருடைய பொக்கற்றில் கை வைக்கிறார்கள் என்பது எந்தப் பாஷையிலும் விளங்கும். அரியரத்தினத்தார் இதையெல்லாம் டிவியில் பார்த்து வெட்கப்படுவார் என்று நினைத்தேன். மனுசன் இருந்து பாடம் படித்திருக்கிறார்!

போன ஞாயிறு பொதுக்கூட்டம். தலைவருக்கு அந்த அதிகாரம் இன்னும் வேண்டுமா என்பதுதான் முதல் பேச்சு. வங்கியில் வேலை செய்கிற லவன் எழும்பி, "அங்கிள், இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டான்.

"தம்பி, நாட்டு நிலைமை விளங்கேல்லையோ? பென்சன்காரரிட்டை அரசாங்கம் எடுக்கப் போகுது. அவங்கள் எடுக்க முதல் சங்கம் எடுக்க வேணும். இதைவிட அவசரம் வேறை என்ன?"

எங்கள் கூட்டத்தில் வாக்கெடுப்பும் தேத்தண்ணியும் ஒன்றாகத்தான் வரும் என்று உங்களுக்குத் தெரியும். தேத்தண்ணியை முன்னுக்கு விட்டால் பிறகு வாக்களிக்க ஒருவரும் நிற்க மாட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறதும் பென்சன்காரர்தான். "எதிர்க்கிறவை கையை உயர்த்துங்கோ" என்றார் தலைவர். என் வீட்டுக்காரர், உங்கள் மச்சான், இரண்டு கையாலும் தட்டத்தைத் தாங்கிக்கொண்டு, "நான் எதிர்ப்பு! நான் எதிர்ப்பு!" என்று கத்துகிறார்.

"மடுத்தீன், கை தெரியேல்லை."

"கையை எடுத்தா தேத்தண்ணி உங்கடை மடியிலைதான் நிக்கும்!"

"அப்ப தட்டத்தை வையும்."

"எங்கை வைக்கிறது? மேசை முழுக்க உங்கடை ஃபைல்!"

அதற்குள் நிறைவேறியது என்று எழுதியாயிற்று. அந்த மை காய முதலே, நீடித்த அந்த அதிகாரத்தால், வாக்கெடுப்பே இல்லாமல், பென்சன்காரர் எல்லோருக்கும் இரட்டைச் சந்தா! சும்மா வீட்டில் இருக்கிறார்களாம். கிழமை நாளில் செத்தவீடு என்றால் சவப்பெட்டி தூக்க யாருக்கு அண்ணை லீவு? ஊரிலிருந்து புதிதாய் வந்த பிள்ளையை விசாவுக்குக் கந்தோர் கந்தோராகக் கூட்டிக்கொண்டு திரிகிறது யார்? விமான நிலையத்தில் தரை துடைத்து முழங்கால் தேய்ந்த மனுசன், அந்த முழங்காலோடுதான் இவ்வளவும் செய்தார். எனக்கு வருகிற கோபத்துக்கு அந்த ஃபைலைச் சம்பலோடு சேர்த்து இடிக்கலாம்.

"இனி அந்தச் சங்கத்துப் படியை மிதிக்க மாட்டன்" என்று இவர் வீட்டில் இருந்துவிட்டார். அண்ணை, வீட்டில் இருக்கிறார்! நான் ரெஸ்ரோறண்டில் ஊருக்கே கறி காய்ச்சிவிட்டு வந்தால், என் சட்டியைத் திறந்து பார்த்து, "கொறற்றி, உப்பைக் கொஞ்சம் யோசிச்சுப் போடும்" என்கிறார். அதைக்கூடத் தாங்குவேன். நேற்று பாரிசுக்குப் பக்கத்தில், ஸ்தேனில் ஒரு செத்தவீடு. கறுப்புக் கோட்டைப் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார். போகவில்லை. ஜன்னலடியில் கோட்டோடு நின்றார். பெட்டிக்கு ஒரு ஆள் குறைந்ததாம் என்று கேள்விப்பட்டதும் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டார். நான் என்ன பகிடி விட்டாலும் சிரிக்கிறார் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணை.

ஆகவே எழுதின கையாலேயே, அந்த வசனத்தை வெட்டச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதுங்கோ. நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

அண்ணிக்கு என் அன்பு முத்தங்கள், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு மாதா நல்ல புத்தியும் ஒரு பேனையும் தரட்டும்.

கோபம் தணியாத தங்கச்சி,
மரியகொறற்றி

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் அரியரத்தினத்தாருக்குப் போன் எடுத்து இதே பாட்டைப் பாடினேன். "ஏலுமெண்டா நீர் நடத்திப் பாரும்!" என்று கத்திவிட்டு, அந்த வசனத்தின்படியே தனித்து முடிவெடுத்து, என்னைத் தலைவராக்கிவிட்டு விலகிவிட்டார். உடனே அந்த இரட்டைச் சந்தா வரியை நீக்கினேன். இவர் சந்தோசத்தில் சங்கத்துக்கு ஓடுவார் என்று பார்த்தால், சோபாவில் காலை நீட்டி, "தலைவரம்மா, ஒரு தேத்தண்ணி" என்றார். வரியைத் திரும்பப் போட்டுவிட்டேன். எனக்கு எதிராக ஆள் சேர்க்க இப்போதுதான் கறுப்புக் கோட்டோடு சங்கத்துக்கு ஓடுகிறார், பசிக்குதென்று இரண்டு ரோல்ஸும் எடுத்துக்கொண்டு. அண்ணை, அந்த வசனத்தில் தயவுசெய்து கை வைக்காதேங்கோ.