அடங்காத பக்கெட்

பக்கெட்டைத் திறந்ததும் திலீப்புக்குக் கண் எரிந்தது. மகள் தரணியின் துணி டயப்பர், இரண்டு நாள் சேர்ந்தது. சத்தியவேட்டில் அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள்தான். அவனும் என்னதான் செய்வான் பாவம்!

மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பா காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஞாயித்துக்கெழம வந்து பாப்பேன். நாத்தம் இருந்துதுன்னா வூட்ட காலி பண்ணிடு."

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் பஸ் வாசலிலேயே வந்து நிற்கிற வீடு. கைக்குழந்தையோடு இதை விட்டு எங்கே போவது?

பக்கெட்டை வெளியே வைக்கலாமென்றால் பகலில் கிருஷ்ணப்பா ஏறி இறங்கும் படி அங்கேதான். ராத்திரி வைக்க மனைவி பிரமிளா விடவில்லை. பொழுது சாய்ந்தபின் குழந்தைத் துணி வெளியே கிடந்து, மேலே பட்சி பறந்தால் தோஷமாம்.

இறுக்கமான மூடி வாங்கிப் போட்டான். உள்ளேயே புழுங்கி, மறுநாள் திறந்தபோது காட்டமாக மூக்கில் ஏறியது. தண்ணீர் ஊற்றி ஊற வைத்தான். நாற்றம் ஹாலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பினாயில் ஊற்றி, சாம்பிராணியும் போட்டான். பஸ் ஸ்டாண்டு கக்கூஸில் பூஜை நடக்கிற மாதிரி ஆயிற்று. தரணி தும்மித் தீர்த்தாள்.

"எதுனா பண்ணிக்கினே இருக்காத மாமா," என்றாள் பிரமிளா, அழாத குறையாக.

சனிக்கிழமை, கம்பெனியில் கூட வேலை பார்க்கும் மஞ்சுவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டான். அவள் இரண்டு பிள்ளை வளர்த்தவள். ஊறவே வைக்காதே, ஒரு சொம்புத் தண்ணியில் உடனே அலசிப் பிழி, ஓட்டைக் கூடையில் காற்றாடப் போடு, மேலே ஆப்ப சோடா தூவு என்றாள். அவ்வளவுதான் சங்கதி!

ஞாயிறு காலை கிருஷ்ணப்பா வந்தார். கூட ஒரு புருஷன் பெண்டாட்டி. சொந்தக்காரர்கள் போலிருக்கிறது என்று திலீப் நினைத்துக்கொண்டான். கிருஷ்ணப்பா ஹாலில் மோந்தார், பாத்ரூமில் மோந்தார், குனிந்து கூடைக்குள்ளேயே மூக்கை விட்டார். திலீப் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"நாத்தமே இல்லப்பா," என்றார்.

திலீப்புக்கு உயிர் வந்தது. பிரமிளா சந்தோஷத்தில் காபி போடப் போனாள்.

அதற்குள் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்த அந்தப் பெண் கிருஷ்ணப்பாவிடம் சொன்னாள்:

"போன வாரம் வாடகைக்கு வூடு பாக்க வந்து, நாத்தம் தாங்காம வாசல்லயே திரும்பிட்டோம். இப்ப நல்லாகீதுண்ணா, இவங்க காலி பண்ண ஒடனே பால் காய்ச்சிடறோம்."