அரிய வெண்புள்ளி நீலமீன்

நோயை ஒழித்த தேசங்கள் உண்டு. நோய்க்குப் பெயர்ப்பலகை வைத்துக் கௌரவித்த கல்லூரி உலகிலேயே ஒன்றுதான். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம்.

அதன் வரவேற்புக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி, அதில் மூன்று நீல மீன்கள். அவற்றைப் பராமரித்தவள் ஆய்வக உதவியாளர் வஹீதா. ஒரு திங்கட்கிழமை மீன்களின் மேல் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மூன்றும் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன. அவள் முதல்வர் தங்கையனிடம் ஓடினாள்.

"ஒட்டுண்ணி சார். இன்னைக்கே மூணையும் வேற தொட்டிக்கு மாத்தி மருந்து போடணும். இல்லன்னா செத்துரும்."

"ரெண்டு வாரத்துல தர ஆய்வுக் குழு வருதும்மா. காலித் தொட்டியையா காட்டுறது?"

"நோய் மீனைக் காட்டலாமா சார்?"

"நோய்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"நீங்க உதவியாளர். நோய்னு சொல்றதுக்குக் கமிட்டி வேணும்."

கமிட்டி கூடியது. ஐந்து பேராசிரியர்கள், மீனோடு அவர்களுக்கிருந்த பழக்கமெல்லாம் குழம்பில்தான். இரண்டு சுற்று டீக்குப் பின் 'இது நோயன்று, தனித்துவம்' என்று ஒருமனதாகக் கண்டறிந்தார்கள். மாலையே பலகை ஏறியது: 'அரிய வெண்புள்ளி நீலமீன். தொடாதீர்.' மருந்து போடுவதும் தொடுவதில் சேர்ந்தது.

ஐந்தாம் நாள் புள்ளிகள் மறைந்தன. முதல்வர் பதறினார்.

"எங்கம்மா புள்ளி? ப்ரோஷர்ல அச்சடிச்சாச்சே!"

"உதிர்ந்து மணலுக்குள்ள போயிருச்சு சார். அங்க ஒண்ணு நூறாகி, திரும்ப மேல ஏறும். இப்பவாவது மாத்திரலாம் சார்."

"திரும்ப ஏறுமா?" முதல்வர் முகம் மலர்ந்தது. "குழு வர்றதுக்குள்ள ஏறிருமா?"

"ஏறும் சார். அதோட முடிஞ்சுரும்."

முதல் பாதியை மட்டும் அவர் குறித்துக்கொண்டார். 'நிறுவனத்தின் புள்ளிகள் காணாமற்போனது' குறித்து வஹீதாவுக்கு ஒரு மெமோவும் கொடுத்தார்.

குழு வந்த அன்று மீன்களில் நீலமே தெரியவில்லை. இரண்டு மீன்கள் ஒரு மூலையில் வாய்பிளந்து நின்றன. ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது.

"இது ஏங்க படுத்திருக்கு?" என்றார் குழுத் தலைவி ஆனந்தவள்ளி.

"பெரியவங்க வந்தா எந்திரிக்கணும்னு இன்னும் பழக்கலைங்க மேடம்," என்றார் முதல்வர். எல்லோரும் சிரித்தார்கள்.

"சாகுது மேடம்," என்றாள் வஹீதா.

'நேரடிச் செயல்விளக்கம்' என்று எழுதி, குழு முழு மதிப்பெண் போட்டது.

'அரிய உயிரினப் பாதுகாப்பில் முன்னோடி' என்ற சான்றிதழை வாங்க மறுவாரம் முதல்வரும் கமிட்டியுமாக ஆறு பேர் மேடையேறினார்கள். அந்த நேரத்தில் கேண்டீனுக்குப் பின்னால் வஹீதா தனியாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். புதைக்க ஒருத்திதான் கிடைத்தாள். கொன்றவர்கள் எல்லோரும் பொன்னாடை போர்த்திக்கொள்ளப் போயிருந்தார்கள்.