எங்கள் மச்சில் குடியிருக்கும் கப்பல்காரர்

திருப்புடைமருதூர்,
விரோதிகிருது வருஷம், ஐப்பசி மாதம்.

மகாராஜராஜஸ்ரீ ‘மர்ம மஞ்சரி’ பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தங்கள் பத்திரிகையை வாசித்தே தமிழ் கற்றுக்கொண்ட நாறும்பூநாதன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் அப்பா, அம்மா, அக்காள், நான், பேய் எல்லாரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கும் தங்கள் அச்சு யந்திரத்தின் சுகத்துக்கும் எழுதவும்.

ஐயா, போன இதழில் தாங்கள் போட்டிருந்த மொட்டைத்தலை ஜமீன் பேயை வாசித்து நடுங்கினேன். ஆனாலும் கோபிக்கக் கூடாது, அதெல்லாம் ஒரு பேயா? விளக்கு அணைந்தது, கொலுசு கேட்டது, அவ்வளவுதானே! எங்கள் பேய் பழைய சோறு தின்னும் ஐயா!

எங்கள் வீடுதான் ஊரிலேயே பெரிய வீடு. கட்டியவர் என் பூட்டனார் தாணுமாலையப் பிள்ளை. அந்தக் காலத்தில் புன்னக்காயல் பக்கம் ஒரு கப்பல் தரைதட்டி நொறுங்க, அதன் பாய்மரத்தை வாங்கி, மாட்டு வண்டி கட்டி, ஆற்றங்கரையோடு இழுத்து வந்து, மச்சுக்கு உத்தரமாகப் போட்டுவிட்டார். அந்த மரத்தில்தான் கப்பல்காரர் தம்மைக் கட்டிக்கொண்டு பசியோடு உயிரை விட்டாராம். மரம் வந்தது, அவரும் கூடவே வந்துவிட்டார். அன்று முதல் மாதம் ஒரு தரமாவது மச்சிலிருந்து ஒரு கடல் வாடை இறங்கும். நாங்களோ வெங்காயத்தையே யோசித்து உரிக்கும் சைவ வீட்டார், எங்கள் மூக்குக்கு அந்த வாடையின் பெயர்கூடத் தெரியாது. வாடை வந்ததோ இல்லையோ, அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்டு பிள்ளைகள் எல்லாரும் ஆற்றில் முழுகிக் கோயிலில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குப் பெரியவர் மட்டும் ஒரு சட்டி பழைய சோற்றோடு மச்சேறிப் பேயைச் சாந்தப்படுத்துவார். பூட்டனார் ஏறினார், தாத்தா ஏறினார், இப்போது அப்பா சிவசைலம் பிள்ளை ஏறுகிறார். என்ன தைரியம் ஐயா! இறங்கும்போது சட்டி காலி, அப்பாவுக்கு வேர்த்து ஊற்றும், ஏப்பம் வேறு. பேயோடு மல்லுக்கட்டினால் வாயு ஏறிக்கொள்ளுமாம்.

அப்பாவின் சிநேகிதர், காயல்பட்டினத்து ஜவுளி வியாபாரி அசன் மைதீன் அண்ணாச்சி, வரும்போதெல்லாம் பேய்க்கு மருந்து என்று பனையோலையில் கட்டிய பொட்டலம் ஒன்று கொடுப்பார். அதென்னவோ அவர் வந்துபோன மறுநாள்தான் பேய் உக்கிரமாக வரும். மருந்துக்கும் அதற்கும் ஜென்மப் பகை போலிருக்கிறது.

இதில் மாட்டிக்கொண்டு முழிப்பது கோமு அக்காள். பேய் வீட்டில் பெண்ணெடுக்க மாட்டோம் என்று வந்த இடமெல்லாம் வாசலோடு திரும்பியது. கடைசியாகக் களக்காட்டிலிருந்து திருஞானசம்பந்தம் பிள்ளை தம் மகனுக்காக வருவதாகச் சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளையைத் தேரோட்டத்தில் பார்த்தது முதல் அக்காளுக்குச் சோறு இறங்கவில்லை. என் காதைப் பிடித்துத் திருகினாள்.

“ஏலே, பேயி பேயின்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கது நீதான? இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா, நானும் மச்சுல ஏறி அந்தாளு கூடயே குடியிருந்துருவேன், பாத்துக்க!”

சொல்லிவிட்டு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. களக்காட்டு வண்டி தெருவில் திரும்பும்போது மச்சேறி, அண்ணாச்சி முந்தின நாள் கொடுத்த மருந்தை எடுத்துப் பிரித்தேன். வெள்ளி பூசினாற்போல ஏதோ காய்ந்த மூலிகை இலை. இலைக்கு இலை ஒரு கண்! பார்த்ததுமே வீரியம் தெரிந்தது. பேய் இன்றைக்குத் தலைகாட்டக் கூடாது என்று, கூடத்துச் சாம்பிராணிச் சட்டியில் அத்தனையையும் கொட்டி விசிறினேன்.

ஐயா! கப்பல்காரர் தனியாக வரவில்லை, கப்பலோடு வந்துவிட்டார்!

அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அப்பாவின் முகம் விபூதி பூசாத இடத்திலும் வெளுத்தது. நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் உருத்திராட்சமுமாக வந்த களக்காட்டு மாமா வாசற்படியில் வைத்த காலை எடுக்காமல் நின்றார். மூக்கை உயர்த்தினார். கண்ணை மூடினார். கதவுக்குப் பின்னால் அக்காள் விசும்புகிறாள். மாமா போட்டார் பாருங்கள் ஒரு சத்தம்:

“சாளை கருகுது வே! யாராவது பெரட்டிப் போடுங்க, சீக்கிரம்!”

அப்பா பைய அவரருகில் போனார்.

“உமக்கு... எப்படித் தெரியும்?”

“எங்க வீட்லயும் ஒரு ஆளு இருந்தாரு வே. எங்க அப்பாவோட அவரும் போயிட்டாரு. களக்காட்டுக்கும் கடலுக்கும் எம்புட்டு தூரம்!” மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அழாதீரும். நம்மாளு நல்லாத்தான் இருக்காரு. மச்சுக்கு வாரும், காட்டுதேன்.”

“பழைய சோறு கெடக்கா?”

“அது இல்லாமலா?”

சட்டுவத்தோடு சாம்பிராணிச் சட்டியையும் தூக்கிக்கொண்டு இருவரும் ஏறினார்கள். நாங்கள் ஆற்றுக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது ஒருவரையொருவர் ‘சம்பந்தி’ என்று கூப்பிட்டுக்கொண்டு, மாற்றி மாற்றி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். தை மாதம் கல்யாணம். சீர் என்ன வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு மாமா, “நகை நட்டு ஒண்ணும் வேண்டாம் வே. அந்த உத்தரத்துல ஒரு முழம் அறுத்துப் பிள்ளையோட அனுப்பும். ஆளு அதுல ஏறி வந்துருவாரு” என்றார்.

ஆக ஐயா, கப்பல்காரரின் திருநாமம் சாளை என்பதும், அவரைப் புரட்டிப் போட்டால் அடங்குவார் என்பதும் என்னால் கண்டுபிடிக்கப்பட்டன. பெரிய எழுத்தில் பிரசுரிக்கவும். தாங்களும் தங்கள் பத்திரிகையும் ஆலமரமாய் விழுதூன்றித் தழைக்க நாறும்பூநாத சுவாமி அருள் புரிவாராக.

இப்படிக்கு,
தங்கள் அடியொற்றும் வாசகன்,
நாறும்பூநாதன்.

பி.கு.: இக்கடிதத்தை அம்மாவுக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். “சாளைன்னா மீனுலே, மூதி! கருவாடு!” என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். “ஒனக்கு முன்னயே தெரியுமாம்மா?” என்றேன். “கல்யாணம் ஆயி வந்த மாசமே தெரியும். பேயி வந்தாத்தானலே ஒரு நாளாவது அடுப்பு மூட்டாம ஆத்தங்கரையில உக்கார முடியுது? வாயத் தொறந்து அதையும் கெடுத்துராத.” அக்காளோ அந்த ஒரு முழ மரத்தைத் தன் பெட்டியில் பட்டுச் சேலைக்கு முன்னால் வைத்துவிட்டாள். “அங்கன போனா எனக்கும் மாசம் ஒரு நாளு ஓய்வு வேண்டாமாலே?” என்கிறாள். ஆகையால் ஐயா, எங்கள் வீட்டில் பேய் கிடையாது. தயவுசெய்து உண்டு என்றே அச்சிடவும்.