பர்மாவிலிருந்து மூன்றாவது மாடி வரை

உங்கள் குடும்பத்தில் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில், அங்கேயும் இல்லாவிட்டால் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நாற்காலியில், இந்த ரகத்து மனிதர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் எந்தப் போரிலும் துப்பாக்கி பிடித்ததில்லை. தீபாவளிக்கு அடுத்த தெருவில் வெடி போட்டாலே ஜன்னலைச் சாத்துகிறவர். ஆனால் அவருடைய முன்னோர் ஒருவர் ஒரு போரில் அகப்பட்டு, படாத பாடெல்லாம் பட்டு, உயிரோடு திரும்பியிருக்கிறார். அந்தக் கஷ்டம் முழுவதும் இவருக்குப் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்திருக்கிறது. பாகப்பிரிவினை கிடையாது, வரி கிடையாது, எடுத்து எடுத்துச் செலவழித்தாலும் குறைவதும் கிடையாது.

இவரை எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். இவர் காதில் விழும்படி ஏதாவது ஒரு குறையைச் சொல்லுங்கள்.

காக்ஸ் டவுனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளர் ரெமிஜியஸையே எடுத்துக்கொள்வோம். “இன்னிக்கும் தண்ணி லாரி வரலை அங்கிள்” என்று கீழ்வீட்டு வீணா சொன்னால், அவர் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். பிறகு சட்டை நுனியில் துடைப்பார். “ரங்கூன்ல இருந்து இம்பாலுக்கு எவ்வளவு தூரம், தெரியுமா உனக்கு?” என்பார். வீணாவுக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? “தெரியாதுல்ல?” என்று திருப்தியோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட நாளிலிருந்து ஆரம்பிப்பார். மர மில்லில் வேலை பார்த்த தாத்தா, கர்ப்பிணியான அவர் மனைவி, காடு, மலை, நடை, நடை, நடை.

நடை என்னவோ ஒன்றுதான். ஆனால் எந்தக் குறைக்கும் பொருத்தமான ஒரு பகுதி அதில் இருக்கும். தண்ணீர் வரவில்லை என்றவருக்கு, இலையில் தங்கிய பனியை நக்கிக் குடித்த பகுதி. மழையில் வண்டி மூழ்கிவிட்டது என்றவருக்கு, கழுத்தளவு ஆற்றைக் கடந்த பகுதி. கொசுவுக்கு, காலில் ஒட்டி இரத்தம் குடித்த அட்டை. தாமதமாக வந்த பிரியாணிக்கு மூங்கில் குருத்து. இன்டர்நெட் படுத்துவிட்டது என்று முனகிய இரண்டாம் மாடி மஞ்சுநாத்துக்கு, தாத்தா பிழைத்திருக்கும் செய்தி ஊருக்கு வருவதற்குள் அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசையே வைத்து முடித்துவிட்ட பகுதி.

கேட்டவர் என்ன செய்வார்? யுத்தத்தோடு யார் மல்லுக்கு நிற்பது? வாயைத் திறந்ததற்காகத் தானே வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். தண்ணி லாரி மட்டும் வராது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த நடையை ரெமிஜியஸ் நடக்கவில்லை. அவருடைய அப்பாவும் நடக்கவில்லை; அப்பா அப்போது வயிற்றில் இருந்தார். இன்னொன்று, படுக்கையறை மின்விசிறி நின்றுபோன அன்று ரெமிஜியஸுக்குப் பர்மா ஞாபகமே வரவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து சேரும்வரை போனைக் கீழே வைக்கவில்லை.

செப்டம்பரில் மாதா திருவிழா முடிந்த வாரத்தில் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் நின்றது.

ரெமிஜியஸும் அவர் மனைவி டோரீனும் இருப்பது மூன்றாவது மாடியில். டோரீன் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் நின்றபடியே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது முழங்கால்கள் இரண்டும் பழிவாங்குகின்றன. படியேறவே கூடாது என்றார் டாக்டர். வீட்டில் அடைந்து கிடப்பதில்கூட டோரீனுக்கு அவ்வளவு வருத்தமில்லை. அவர் கவலையெல்லாம் கோயில் பாடகர் குழுவான கொயரைப் பற்றித்தான். அதில் அவர் ஆல்டோ, அதாவது தாழ்ந்த பெண்குரல், பாடுகிறவர். பயிற்சிக்கு வராதவருக்குக் கிறிஸ்துமஸ் இரவுப் பூசையில் இடம் இல்லை; கொயர் மாஸ்டர் அதில் கறார். “ஆன்ட்டி, முடியலைன்னா சொல்லிடுங்க, நாங்க வேற ஆள் பாத்துக்கிறோம்” என்று கொயரிலிருந்து ரொம்ப அன்பாக ஒரு போன்கூட வந்துவிட்டது. போனை வைத்ததும் டோரீன் பாட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தார்.

சங்கக் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் கூடியது. லிஃப்டைப் பற்றிப் பேச மஞ்சுநாத் எழுந்தார். ரெமிஜியஸ் கண்ணாடியைக் கழற்றினார். லிஃப்ட் கம்பெனிக்கு அலைந்து, பணம் தரச் சம்மதிக்காத வீட்டுக்காரர்களிடம் கெஞ்சி, மெக்கானிக் வருகிறேன் என்ற நாளிலெல்லாம் காத்துக் கிடந்து, அவன் வராத நாளில் எல்லோரிடமும் பேச்சு வாங்குவது செயலாளர் வேலை. அதோடு ஒப்பிட்டால் பர்மா எவ்வளவோ பக்கம்.

“அந்த மலையில எவன் சார் லிஃப்ட் வச்சிருந்தான்? நிறைமாசக்காரியை எங்க தாத்தா ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு ஏறினாரு. நமக்கு மூணு மாடி வலிக்குது!”

எல்லோரும் தலைகுனிந்தார்கள். லிஃப்ட் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று. அடுத்த கூட்டத்திலும் தாத்தா ஏறினார்.

பயிற்சி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, டோரீன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ரெமிஜியஸோடு ஆட்டோவில் போய், பாடிவிட்டு வந்தார். பாட்டு நன்றாக வந்தது. முழங்கால்தான் வர மறுத்தது. திரும்பி வந்து முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன டோரீன், உக்காந்துட்ட? மெதுவா ஏறலாம், வா.”

“முடியலைங்க.”

வீணா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். காய்கறிப் பையோடு உள்ளே வந்த மஞ்சுநாத்தும் நின்றார். கேட்பதற்கு ஆள் சேர்ந்துவிட்டது. ரெமிஜியஸின் கை தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று.

“முடியலைன்னு சொன்னா எப்படி? ரங்கூன்ல இருந்து…”

“தெரியும். உங்க தாத்தா தூக்கிக்கிட்டு வந்தாரு.”

“ஆமா.”

“மலை மேல.”

“பின்ன?”

டோரீன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். “சரி, தூக்குங்க.”

மஞ்சுநாத்தின் பையிலிருந்து ஒரு சௌசௌ விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

“டோரீன், அது யுத்த காலம்.”

“இப்ப சமாதானம்தானே? மேல இருந்து குண்டு விழாது. இன்னும் சுலபம்.”

“தாத்தாவுக்கு அப்ப சின்ன வயசு.”

“அவர் தூக்கினது ரெண்டு உசுரு. நான் ஒருத்திதானே?”

“பேடா அங்கிள், வேணாம்,” என்றார் வீணா. “இடுப்பு பிடிச்சுக்கும்.”

“நடுவுல அங்கங்க இறக்கி வச்சுத்தான் தூக்கினாரு,” என்றார் ரெமிஜியஸ், சற்றுக் குரலைத் தாழ்த்தி.

“இதை எந்த மீட்டிங்லயும் சொல்லலையே சார்?” என்றார் மஞ்சுநாத்.

வேறு வழியில்லை. ரெமிஜியஸ் பேண்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையைக் காலுக்கும் கொடுத்து, “யேசுவே” என்றார். டோரீன் படியிலிருந்து எழும்பியது உண்மை. இடையில் ஒரு செய்தித்தாளை நுழைக்கலாம், அவ்வளவு உயரம் என்று வீணா பிற்பாடு சாட்சி சொன்னார். அடுத்த கணம் ரெமிஜியஸும் அதே படியில் இருந்தார். உட்கார்ந்தாரா விழுந்தாரா என்பதில் சாட்சிகளிடையே ஒற்றுமை இல்லை.

டோரீன் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

“அவரு தூக்கினதை நான் நம்பறேங்க,” என்றார் டோரீன். நிஜமாகவே அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. “ஆனா யோசிச்சுப் பாருங்க. காட்டுல அந்தம்மா முடியலைன்னு சொன்னப்ப, அவரு தன்னோட தாத்தா கதையைச் சொல்லிக்கிட்டு நிக்கலை. குனிஞ்சாரு.”

ரெமிஜியஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தனை நீளமான நடையில் இதற்கு மட்டும் ஒரு பகுதி கிடைக்கவில்லை.

அன்று டோரீனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மஞ்சுநாத் முன்னாலும் ரெமிஜியஸ் பின்னாலும் பிடித்து மேலே ஏற்றினார்கள். மறுநாள் காலை ரெமிஜியஸ் லிஃப்ட் கம்பெனி வாசலில் நின்றார். அதற்கு மறுநாளும் நின்றார். கெஞ்சவேண்டியவர்களிடம் கெஞ்சினார், பேச்சு வாங்கவேண்டியவர்களிடம் வாங்கிக்கொண்டார். லிஃப்ட் ஓடியது. கிறிஸ்துமஸ் இரவில் டோரீன் தன் வரிசையில், தன் இடத்தில் நின்று பாடினார்.

ரெமிஜியஸ் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? தாத்தாவுக்கு இப்போது ஓரளவு ஓய்வு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். “லிஃப்ட் நின்னப்ப என் சம்சாரத்தை மூணு மாடி தூக்கிட்டுப் போனவன் நான்” என்று பேரப்பிள்ளைகளிடம் ஒரு புதுக்கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த தலைமுறைக்கும் சரக்கு தயார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வம்சத்தில் யாரும் பர்மா பக்கமே போனதில்லை. சந்தோஷம். ஆனால் லாக்டவுனில் ஒரு பாக்கெட் பாலுக்காக வரிசையில் நின்றவர்தானே நீங்கள்? நேற்று ஆபீஸிலிருந்து வந்த மகள் “முடியலை” என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தபோது, “நாங்க எல்லாம் அந்தக் கொரோனாவுல…” என்று ஆரம்பித்தது யார்? பரவாயில்லை, அந்த வாக்கியத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, எழுந்து போய் அவளுக்கு ஒரு காபி போட்டுக்கொண்டு வாருங்கள். குடித்து முடித்ததும், “கொரோனாவுல என்னாச்சு?” என்று அவளே கேட்கலாம்.

கேட்காவிட்டால், தம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வையுங்கள்.